ஊஞ்சலின் இரண்டாவது கொக்கி

கமருஸ்ஸமான் மில்லுக்கு வந்ததும் முதல் வேலையாக மோதிரத்தைக் கழற்றுவார். வெள்ளி மோதிரம். விரல் முட்டி தடித்துப்போயிருந்ததால் எச்சில் தொட்டுத் திருகினால்தான் வெளியே வரும். அப்புறம் கைக்கடிகாரம், செல்போன், கைலிமேல் கட்டியிருக்கும் பச்சை பெல்ட். எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு ஆபீஸ் ஜன்னலில் வைப்பார்.

“கைலி மட்டும் இருக்கட்டும் பாய், பொம்பளைங்க போற வர்ற தெரு” என்று ரம்பத்தடியிலிருந்து வெற்றிச்செல்வன் கத்துவான். தினமும் இதே பேச்சு. தினமும் நாலு பேர் சிரிப்பார்கள். கமருஸ்ஸமானும் சிரிப்பார், அவன் உதடுகள் அசைந்து முடித்த பிறகு.

முத்தியால்பேட்டையில் கடலைப் பார்த்துப் போகும் ஒரு தெருவின் கடைசியில் இருந்தது இராமதாஸின் மரவாடி. காட்டு மரம் அங்கே வராது. இடிக்கிற வீடுகளிலிருந்து உத்தரமும் கைமரமும் கதவு நிலையும் லாரியில் வந்து இறங்கும். நூறு வருஷம் கூரையைத் தாங்கிய பர்மா தேக்கை ரம்பத்தில் விட்டுப் பலகையாக்கினால், ஈசிஆர் ஓட்டல்காரர்கள் சாப்பாட்டு மேசை செய்ய வாங்கிக்கொண்டு போவார்கள். தேக்கு நல்ல தேக்குதான். ஆனால் ஆட்கள் குடியிருந்த வீட்டு மரம். ஆட்கள் குடியிருந்தால் ஆணி அடிப்பார்கள்.

ஒரு ஆணி போதும். மேலேயும் கீழேயும் இரண்டு பெரிய சக்கரங்களைச் சுற்றி ரிப்பன் மாதிரி ஓடுகிற எஃகுப் பட்டைதான் ரம்பம். அதன் பல் ஆணியில் பட்டால் பட்டை அறும். அறுந்தது எந்தப் பக்கம் பாயும் என்று யாராலும் சொல்ல முடியாது. அதனால்தான் மட்டை வந்தது. கோர்ட் வாசலில் போலீஸ்காரர் ஆளை நிற்க வைத்து மேலும் கீழும் தடவுவாரே, அதே கருப்புக் கருவி. மெட்டல் டிடெக்டர் என்று இராமதாஸ் சொல்லுவார். மற்றவர்களுக்கு மட்டை.

கமருஸ்ஸமான் இருபத்தாறு வருஷம் ரம்பம் ஓட்டியவர். தோள்பட்டை விட்டுப்போன பிறகு மட்டையை அவர் கையில் கொடுத்தார்கள். அவர் சரி என்று சொன்ன மரம்தான் ரம்பத்துக்குப் போகும்.

அந்த வேலையை அவர் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. கைப்பிடி ஓரத்தில் ஓர் ஊசித் துவாரம். உள்ளே ஒரு திருகு. அதைக் கூட்டி வைத்தால் மட்டை தரையில் கிடக்கிற மரத்தூளுக்குள் இருக்கும் குண்டூசிக்கும் துள்ளும். குறைத்தால் விரலாழத்தில் இருக்கிற ஆணியையும் கண்டுகொள்ளாது. எவ்வளவு வைப்பது என்று தெரிந்துகொள்ள அவரே ஒரு கட்டை செய்தார். ஒரு விரல் ஆழத்தில் ஓர் ஆணி, இரண்டு விரலில் ஒன்று, மூன்று விரலில் ஒன்று. மூன்றாவது ஆணியைக் காட்டினால்தான் மட்டை அன்றைக்கு வேலைக்கு லாயக்கு. காட்டாவிட்டால் திருகு, அப்போதும் காட்டாவிட்டால் புது பேட்டரி.

மரத்தை இரும்பு ஸ்டாண்டில் வைக்கக் கூடாது. முதல் வாரம் பழைய லாரி டயர்களின்மேல் வைத்துப் பார்த்தார்கள். உத்தரம் முழுக்க, ஒரு சாண் விடாமல், ஆணி என்று சொன்னது மட்டை. டயருக்குள் கம்பி பின்னியிருக்கிறது என்று விளங்க ஒரு நாள் ஆயிற்று. அதற்கப்புறம் பனந்துண்டு. பனந்துண்டையும் முதலில் மட்டையால் தடவிப் பார்த்துவிட்டுத்தான் போடுவார்.

மரத்துக்கும் மட்டைக்கும் நடுவே ஒரு விரல் இடைவெளி. கைக்குழந்தைக்குப் பவுடர் போடுகிற வேகம். போன வரியின் பாதியை மறு வரி தொட்டுக்கொண்டு போக வேண்டும். நீளவாக்கில் ஒரு தடவை, குறுக்கே ஒரு தடவை. பிறகு மரத்தைப் புரட்டி இன்னொரு பக்கம். நான்கு பக்கமும். நடுவாக அறுத்த பிறகு, உள்ளே புதிதாகத் தெரிகிற முகத்தை மறுபடியும். ஆணி இருக்கிற இடத்தில் சாக்பீஸால் வட்டம், ஆழமாக இருந்தால் வட்டத்துக்குள் பெருக்கல் குறி. அப்புறம் உளியும் குறடும்.

இவ்வளவும் சரியாகச் செய்கிற மனிதருக்கு ஒரே ஒரு குறை. மட்டையின் சத்தம் அவருக்குக் கேட்காது.

மூன்று வருஷத்துக்கு முன்னால், அது வந்த அன்று, இராமதாஸ் தானே உறையைக் கிழித்து, பேட்டரி போட்டு, ஓர் ஆணிமேல் பிடித்துக் காட்டினார். சிவப்பு விளக்கு எரிந்தது.

“கேக்குதா பாய்?”

சுற்றி நின்றவர்கள் தலையாட்டினார்கள். மூட்டை தூக்கும் ஆள் ஒருவர் காதைப் பொத்திக்கொண்டார். கமருஸ்ஸமானுக்கு முதலாளியின் குரல் கேட்டது. தெருவில் போன டெம்போ கேட்டது. மட்டை மட்டும் ஊமையாக இருந்தது. விளக்கைப் பார்த்தார். காதைப் பொத்தியவரைப் பார்த்தார்.

“நல்லா கேக்குது மொதலாளி” என்று அவரும் தலையாட்டினார்.

அந்த மூன்று சொல்லில்தான் மிச்ச வாழ்க்கை போய் மாட்டிக்கொண்டது.

அதுவரை அவருக்கே தெரியாது. காதுக்குள் ஓயாமல் ஒரு கீச்சொலி இருந்தது உண்மைதான். சட்டையில் ஒட்டி வீட்டுக்கு வரும் மரத்தூள் மாதிரி அதுவும் மில்லிலிருந்து கூட வருகிறது, தூங்கினால் போய்விடும் என்றுதான் பல வருஷமாக நினைத்திருந்தார். காரைக்காலில் கட்டிக்கொடுத்த மகள் ஆஃப்ரின் போனில் பேசினால் சொற்கள் நனைந்த காகிதம் மாதிரி கிழிந்து கிழிந்து வரும். மருமகன் பேசினால் தெளிவாக இருக்கும். டவர் இல்லை என்று மனைவி கரீமாவிடம் போனை நீட்டிவிடுவார்.

யாரிடமும் சொல்லாமல் ஒருநாள் பஸ் ஏறி பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார். கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்து, காதில் மாட்டி, கையில் ஒரு பட்டனைக் கொடுத்தார்கள். சத்தம் கேட்டால் அழுத்த வேண்டும். கமருஸ்ஸமான் உடனே அழுத்தினார். விடாமல் அழுத்திக்கொண்டே இருந்தார். வெளியே இருந்த பெண் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள்.

“ஐயா, நான் இன்னும் சத்தமே குடுக்கலியே.”

பிறகு அவள் ஒரு தாளைக் காட்டினாள். கோடு ஒன்று நேராக வந்து, பாதிக்கு மேல் தலைகுப்புற விழுந்திருந்தது. நரம்பு போய்விட்டது, போனது வராது, மெஷின் வைத்தால் பேச்சு கொஞ்சம் தெளியும், மெல்லிசான கூர் சத்தங்கள் கஷ்டம் என்றாள். “எங்க வேல செய்றீங்க?”

“மரவாடி. ரம்பம்.”

“காதுல பஞ்சாவது வச்சிருக்கலாமே.”

அவளிடம் எப்படிச் சொல்வது? பல் மழுங்கினால் ரம்பத்தின் பாட்டு மாறும். பட்டை தளர்ந்தால் வேறு பாட்டு. அதைக் கேட்டுத்தான் ரம்பம் ஓட்ட முடியும். காதை அடைத்துக்கொண்டு ஓட்டுவது கண்ணைக் கட்டிக்கொண்டு சைக்கிள் விடுவது. எந்தக் காது அவரை இருபத்தாறு வருஷம் காப்பாற்றியதோ அதையே ரம்பம் தின்றிருந்தது.

தாளை கரீமா கண்டுபிடித்துவிட்டாள். பீரோவில் புடவைக்கடியில் விரித்த பேப்பருக்கும் கீழே இருந்தது. அவள் எதிரே வந்து உட்கார்ந்து, முகத்தைப் பார்த்து, “மொதலாளிகிட்ட சொல்லிடுங்க” என்றாள்.

“அம்மாவாசைய மறந்துட்டியா?”

அம்மாவாசை முப்பது வருஷம் அந்த மரவாடியில் மரம் இறக்கியவர். ஒரு கண் போனதும் இராமதாஸ் அவருக்கு வேட்டி எடுத்துக் கொடுத்து, மாலை போட்டு, போட்டோ பிடித்து வீட்டுக்கு அனுப்பினார். குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் மறுவாரத்திலிருந்து அம்மாவாசை காலை எட்டரைக்கு மில் கேட்டுக்கு எதிரே வந்து நின்றார். உள்ளே வரமாட்டார். யார் கூப்பிட்டாலும் சும்மாதான் வந்தேன் என்பார். ரம்பம் ஓட ஆரம்பித்ததும் போய்விடுவார். ஆறு மாதம் அப்படி வந்தார். ஏழாவது மாதம் அவருக்கு மில்லிலிருந்து மறுபடியும் ஒரு மாலை போயிற்று.

கமருஸ்ஸமான் சொல்லவில்லை.

மட்டையின் கைப்பிடியில் சின்னதாக ஒரு சுவிட்ச் இருந்தது. ஒரு பக்கம் தள்ளினால் சத்தம், இன்னொரு பக்கம் தள்ளினால் சத்தமில்லாமல் கைக்குள் அதிரும். அவர் அதிர்வுப் பக்கம் தள்ளி வைத்துக்கொண்டார். “அந்தக் கீச்சு தலய வலிக்குது மொதலாளி, கையில உதறுனா போதும்” என்றார். இராமதாஸ் மறுக்கவில்லை. விளக்கும் தெரிய வேண்டும், வெயிலில் அது மங்கலாக இருக்கும் என்று ஒரு கருப்புக் குடை வைத்துக்கொண்டார். இடது கையில் குடை, வலது கையில் மட்டை.

“மழ வருமா பாய்?” என்பான் வெற்றி.

“வந்தா சொல்றேன், நீ அறு.”

“மரத்தப் பொண்ணு பாக்க மாப்ள வூட்ல இருந்து வந்தாப்ல கீறீங்க.”

அதிர்வு அவரைக் கைவிடவில்லை. காது போன இடத்தில் உள்ளங்கை வந்து நின்றது. போகப்போக ஆணியின் தடத்தை வைத்தே வீட்டைப் படிக்கத் தொடங்கினார். ஆள் உயரத்தில் நெருக்கமாகச் சின்ன ஆணிகள் இருந்தால் காலண்டர், சாமி படம். கனமான ஒற்றைக் கொக்கி என்றால் தொட்டில். ஊஞ்சல் என்றால் கொக்கிகள் ஜோடியாகத்தான் இருக்கும். நடுவில் இரண்டரை முழம் இடைவெளி. ஒற்றைக் கொக்கியில் யாரும் ஊஞ்சல் கட்டுவதில்லை.

வெள்ளிக்கிழமைகளில் மட்டும் ஒரு விஷயம் அவரைக் குழப்பும். பன்னிரண்டரைக்கு ஜும்ஆ தொழுகைக்குப் போய் இரண்டு மணிக்குத் திரும்புவார். காலையில் பார்த்து வைத்த மரங்களில் எப்போதாவது ஒரு வட்டம் கூடுதலாக இருக்கும். எப்போது போட்டோம் என்று நினைவிருக்காது. தோண்டினால் உள்ளே ஆணி இருக்கும். வயசாகுது, போட்டது மறக்குது என்று நினைத்துக்கொள்வார். போடாமல் விடவில்லையே என்று ஒரு நிம்மதியும் இருக்கும்.

அந்த வெள்ளிக்கிழமை வந்த மரங்கள் ஒரு சொல்தா வீட்டினுடையவை. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கிய ஒருவர் கட்டிய வீடு. பிள்ளைகள் பிரான்சில் இருந்தபடியே விற்றுவிட்டார்கள். இரண்டு பெரிய உத்தரங்கள், எண்ணெய் பெயின்ட் அடித்தவை. ஒன்றை அன்றே அறுத்து அனுப்பியாக வேண்டும். லாரி வாசலில் நின்றது.

கமருஸ்ஸமான் தொழுகை முடிந்து வேகமாக வந்தார். வந்த வேகத்தில் குடையைப் பள்ளிவாசல் கம்பியிலேயே விட்டுவிட்டிருந்தார். மோதிரத்தைக் கழற்றினார். பெல்ட்டைக் கழற்றினார். மட்டை அவர் வைத்துவிட்டுப் போன இடத்திலேயே இருந்தது. காலையில்தானே சோதனைக் கட்டையில் பார்த்தோம் என்று நேராக உத்தரத்துக்குப் போனார்.

கீழ்ப்பக்கத்தைப் புரட்டியதும் அவர் கண் முதலில் பார்த்தது ஒரு பொத்தலை. ஊஞ்சல் கொக்கி. இடித்தவர்கள் பிடுங்கிவிட்டிருந்தார்கள். கண் தானாக இரண்டரை முழம் தள்ளிப் போயிற்று. அங்கே பெயின்ட் வழவழவென்று இருந்தது. இருக்கணுமே என்று நினைத்தார். மட்டையை அங்கே கொண்டுபோய்ப் பிடித்தார். கை அதிரவில்லை. இன்னும் தாழ்த்தினார். சுற்றிச் சுற்றி வட்டமிட்டார். உள்ளங்கை அமைதியாக இருந்தது. உச்சி வெயில் மட்டையின் முதுகில் தகதகவென்று விழுந்துகொண்டிருந்தது. விளக்கு எரிந்திருந்தால்கூட அதற்குள் தெரிந்திருக்காது. அந்தப் பக்கம் ரம்பம் வேறொரு மரத்தை அறுத்துக்கொண்டிருந்ததால் மற்றவர்களுக்கும் எதுவும் கேட்கவில்லை.

முப்பது வருஷமாக மரம் பார்த்த கண் இருக்கிறது என்றது. மட்டை இல்லை என்றது. கமருஸ்ஸமான் மட்டையை நம்பினார்.

நான்கு பக்கமும் தடவி முடித்தார். ஒரு வட்டம்கூடப் போடவில்லை. ஒரு வருஷத்தில் இவ்வளவு சுத்தமான மரத்தை அவர் பார்த்ததில்லை. அவருக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

“சுத்தமா இருக்கு வெற்றி, ஓட்டு” என்று கையைக் காட்டினார்.

பட்டை அறுந்த சத்தம் அவருக்குக் கேட்டது. அது கூர் சத்தம் இல்லை. பூமிக்குள்ளிருந்து வருகிற மாதிரி ஒரு ‘டம்’. திரும்பிப் பார்த்தபோது வெற்றிச்செல்வன் நின்றுகொண்டுதான் இருந்தான். தன் வலது கையை இடது கையால் தாங்கி, அது வேறு யாருடையதோ என்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஆஸ்பத்திரியில் மூன்று விரல்களை எடுத்துவிட்டார்கள். மணிக்கட்டு நரம்பைத் தைத்திருக்கிறோம், எவ்வளவு வரும் என்று பார்க்கலாம் என்றார்கள். கமருஸ்ஸமான் நாலாம் நாள் போனார். வார்டு வாசலில் வெற்றியின் மனைவி பூர்ணிமா பிளாஸ்கோடு நின்றிருந்தாள். அவரைப் பார்த்ததும் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“எப்பவும் அவசரம் பாய் இவுருக்கு. நீங்க எத்தினி தடவ சொல்லிருப்பீங்க, பாக்காத மரத்த ஏத்தாதன்னு. கேட்டாத்தான.”

அவருக்கு விளங்கவில்லை. உதட்டைத் தவறாகப் படித்துவிட்டோமோ என்று நினைத்தபடி உள்ளே போனார்.

வெற்றி அவளை டீ வாங்கிவர அனுப்பினான். பிறகு தலையணையில் நிமிர்ந்து, அவருக்கு நேராக முகத்தைத் திருப்பி, நிறுத்தி நிறுத்திப் பேசினான். அவன் தன்னிடம் எப்போதுமே இப்படித்தான் பேசினான் என்பது கமருஸ்ஸமானுக்கு அப்போதுதான் உறைத்தது. மற்றவர்களிடம் திரும்பிக்கொண்டே, நடந்துகொண்டே பேசுகிறவன்.

“சுவிட்ச மாத்தி வக்க மறந்துட்டேன் பாய்.”

“எந்த சுவிட்சு?”

“மட்ட சுவிட்சு. நீங்க தொழுவப் போற நேரத்துல நான் சத்தத்துல வச்சி எல்லா மரத்தயும் ஒரு தபா பாப்பேன். முடிச்சிட்டு உங்க பக்கம் தள்ளி வச்சிருவேன். அன்னிக்கு லாரிக்காரன் ஆரன் அடிச்சிகினே இருந்தான். அப்படியே வச்சிட்டு ஓடிட்டேன். அந்த பெரிய உத்தரத்த நான் பாக்கவும் இல்ல, அதுக்குள்ள நேரம் ஆயிட்ச்சி.”

கமருஸ்ஸமான் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார். அந்த வட்டங்கள். வெள்ளிக்கிழமை வட்டங்கள்.

“உனக்கு எப்பத்துல இருந்து தெரியும்?”

“ஆச்சி, ரெண்டு பொங்கலு. ஒரு நாளு சுவிட்சு எப்படியோ சத்தத்துல இருந்திச்சி. அது கத்துது, நீங்க பாட்டுக்குத் தடவிகினே போறீங்க. நான் ஓடியாந்து ‘வாங்க பாய் டீ ஆறுது’ன்னு இழுத்துகினு போனனே, ஞாபகம் இல்ல?”

அந்த டீ ஞாபகம் இருந்தது. அன்றைக்கு அவன்தான் காசு கொடுத்தான். எதுக்குடா விருந்து என்று கிண்டல் செய்ததும் ஞாபகம் இருந்தது.

“என்கிட்ட கேட்டிருக்கலாமேடா.”

“கேட்டா நீங்க அன்னிக்கே போயிருப்பீங்க.” வெற்றி கட்டுப்போட்ட கையைப் பார்த்தான். “மொதலாளிகிட்ட நான் சொல்லிட்டேன். பாய் பாக்கறதுக்கு முன்னாடியே நான்தான் ஏத்திட்டேன்னு. நீங்க ஒண்ணும் மாத்திச் சொல்லாதீங்க. அவரு திட்டல பாய். ஒத்துகினியே, அது போதும், கை ஆறுனதும் கேட்டுல காவலுக்கு ஒக்காந்துக்கோன்னாரு. எனுக்கு இனிமே ரம்பம் கெடயாது, தெரிஞ்சி போச்சி. ரெண்டு பேருக்கும் எதுக்குப் போவணும்?”

சொல்ல வேண்டியது அவர் தொண்டை வரை வந்தது. உன் கையைத் தின்றது உன் மறதி இல்லை, என் பொய். சுவிட்சை விடு, இரண்டாவது கொக்கி அங்கே இருக்கும் என்று எனக்குத் தெரியும். பூர்ணிமா டீயோடு வந்துவிட்டாள். கமருஸ்ஸமான் தலையை ஆட்டினார். மூன்று வருஷத்துக்கு முன்னால் ஆட்டிய அதே ஆட்டல்.

பஸ்ஸில் காதுக்குள் கீச்சொலி நிற்கவே இல்லை. எத்தனையோ பேர் கேட்டிருந்த அந்த மட்டைச் சத்தம் ஒருவேளை இப்படித்தான் இருக்கும் என்று தோன்றியது. அப்படியானால் அவர் அதை எப்போதும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். சீட்டுக்குள், சாலைக்குள், எதிரே உட்கார்ந்திருந்தவரின் நெஞ்சுக்குள் எல்லாம் ஆணி.

பத்து நாள் கழித்து ரம்பத்துக்குப் புது ஆள் வந்தார். இளஞ்செழியன், நாற்பது வயது, கடலூரில் ஒரு மில்லில் ஓட்டியவர். வந்த அன்றே பட்டையைச் சுண்டி, குனிந்து காதை அருகே வைத்துக் கேட்டு, சரி என்றார். கமருஸ்ஸமான் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சொல்தா வீட்டின் இன்னொரு உத்தரம் மிச்சம் இருந்தது. ஊஞ்சலின் நான்கு சங்கிலிகளில் இரண்டு இதில் தொங்கியிருக்க வேண்டும். அவர் மோதிரத்தைக் கழற்றினார். புது பேட்டரி போட்டார். சோதனைக் கட்டையில் மூன்றாவது ஆணி உள்ளங்கையை உதறியது. சுவிட்சைக் கட்டைவிரலால் தொட்டுப் பார்த்தார். மறுபடியும் தொட்டுப் பார்த்தார். குடையை விரித்தார்.

முதல் கொக்கி கிடைத்தது. இரண்டரை முழம் தள்ளி, பெயின்ட்டுக்கு அடியில், தலை முறிந்து, இரண்டாவதும் கிடைத்தது. உளி வைத்துத் தோண்டி இரண்டையும் குறடால் பிடுங்கித் தரையில் போட்டார். நான்கு பக்கமும் தடவினார். நீளவாக்கில், குறுக்கே. சின்ன ஆணிகள் ஆறு. அவற்றையும் எடுத்தார்.

“ஓட்டலாமா பாய்?”

“இரு தம்பி.”

மறுபடியும் முதலிலிருந்து. பொத்தல்களைத் தவிர ஒன்றும் இல்லை. கை அதிரவில்லை. கை அதிராதது ஆணி இல்லாததாலா, கையே செத்துவிட்டதாலா? கட்டையில் வைத்துப் பார்த்தார். அதிர்ந்தது. மரத்துக்கு வந்தார். அதிரவில்லை. கட்டைக்குப் போனார்.

“இன்னா பாய், அதுக்கு மசாஜ் பண்றீங்களா?” என்றார் இளஞ்செழியன். யாரோ சிரித்தார்கள். ரம்பம் சும்மா சுற்றிக்கொண்டிருந்தது.

மூன்றாவது தடவையும் பார்த்து முடித்தார். மரம் சுத்தம். அவருக்குத் தெரியும் சுத்தம் என்று. கையைத் தூக்கிக் காட்ட வேண்டியதுதான் பாக்கி. கை எழவில்லை. இளஞ்செழியன் டிராலியின்மேல் இரண்டு கைகளையும் வைத்துக் காத்திருந்தார். பத்து விரல். கமருஸ்ஸமான் அவற்றை எண்ணுவது போலப் பார்த்தார்.

வெற்றியின் கேட் காவல் வேலை நினைவுக்கு வந்தது. அவன் சொன்ன ஒரே பொய், அவனுக்கென்று மிச்சம் இருக்கிற ஒரே நாற்காலி. பேசாமல் இருந்தால் அது இருக்கும். இன்றைக்கு இந்த மரம் போகும். நாளைக்கு வேறு மரம் வரும். இனி வெள்ளிக்கிழமை வட்டங்கள் இருக்காது.

குடையை மடக்கிக்கொண்டு அருகே போனார்.

“தம்பி, இந்த மட்டையோட சத்தம் எனக்குக் கேக்காது. வாங்குன நாள்ல இருந்தே கேட்டதில்ல. நீயே சத்தத்துல வச்சி ஒரு தடவ பாத்துட்டு ஏத்து.”

இளஞ்செழியன் முதலில் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. டிராலியிலிருந்து கைகளை எடுத்து, கைலியில் துடைத்துக்கொண்டு, ஆபீஸ் பக்கம் நடந்தார்.

இராமதாஸ் வெளியே வந்தார். கத்தவில்லை. பக்கத்தில் வந்து நின்று, “எத்தன நாளா பாய்?” என்றார்.

“வந்த நாள்ல இருந்து மொதலாளி. அன்னிக்கு அந்த மரத்த வெற்றி தானா எடுத்து ஏத்தல. நான்தான் ஓட்டுன்னு சொன்னேன்.”

“அவனுக்குத் தெரியுமா, உங்களுக்குக் கேக்காதுன்னு?”

இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஒரு நிமிஷம் முன்னால்தான் பொய்யை நிறுத்தியிருந்தார். மறுபடி எடுக்கத் தெரியவில்லை. “தெரியும்” என்றார்.

இராமதாஸின் முகத்தில் அதுவரை திறந்திருந்த ஏதோ ஒன்று மூடிக்கொண்டது. “ரெண்டு பேரும் சேந்து…” என்று தொடங்கி நிறுத்தினார். மட்டையை அவர் கையிலிருந்து மெதுவாக, தூங்குகிற குழந்தையின் கையிலிருந்து பொம்மையை எடுப்பது போல, எடுத்துக்கொண்டார். “கேட்டுக்கு வேற ஆள் பாத்துக்கறேன். நீங்க வூட்டுக்குப் போங்க.”

வெற்றியை அதில் சேர்க்காதீர்கள் என்று கமருஸ்ஸமான் சொன்னார். சொன்னபோது இராமதாஸ் திரும்பி நடந்துகொண்டிருந்தார்.

ஜன்னலிலிருந்து டப்பாவை எடுத்தார். பெல்ட்டைக் கட்டினார். மோதிரம் முட்டியைத் தாண்ட மறுத்தது. சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். கேட்டைத் தாண்டும்போது ஒருமுறை திரும்பிப் பார்த்தார். இளஞ்செழியன் மட்டையை உத்தரத்தின்மேல் ஓட்டிக்கொண்டிருந்தார், வேகமாக, மரத்தைத் தொட்டுத் தொட்டு. அப்படி இல்லை, ஒரு விரல் விட்டுப் பிடிக்கணும் என்று சொல்ல வாயெடுத்தார். யாரும் அவர் பக்கம் பார்க்கவில்லை. முனையிலிருந்து முனை வரை இளஞ்செழியனின் கை ஓர் இடத்தில்கூட நிற்கவில்லை. மரம் சுத்தமாகத்தான் இருந்தது.

தெருவில் நடக்கும்போது பின்னால் ரம்பம் ஓடத் தொடங்கியது. அது உள்ளங்கால் வழியாக ஏறி வந்தது.

மணிக்கூண்டு நிறுத்தத்தில் நின்றார். பஸ் ஸ்டாண்டுக்குப் போய், அங்கிருந்து வில்லியனூர் பஸ் பிடித்தால் வெற்றியின் வீடு. நேற்றுதான் அவனை வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். வாசலில் பூர்ணிமா இருப்பாள், உள்ளே வாங்க பாய் என்பாள், டீ போடுவாள். நாற்காலி போய்விட்டது என்பதை யாரிடம் முதலில் சொல்வது? அவளிடமா, அவனிடமா?

ஒரு பஸ் வந்தது. கண்டக்டர் படியில் தொங்கியபடி அவரைப் பார்த்து வாயை அசைத்தார். கமருஸ்ஸமான் கையை ஆட்டி வேண்டாம் என்றார். அடுத்த பஸ் வந்தபோதும் அப்படியே நின்றார். காதுக்குள் மட்டை கத்திக்கொண்டே இருந்தது.